மிடியா, மைடியா? இசை, ஒலிப்பதிவுச் சுருக்கப் பெயர்களைச் சொல்லும் விதம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எதை எழுத்தெழுத்தாகச் சொல்வது, எதை ஒரே சொல்லாகச் சொல்வது? விதி ஏதும் உண்டா?

எழுதி வைத்த விதி இல்லை. பழக்கத்தில் ஓர் ஒழுங்கு மட்டும் தெரிகிறது. இந்தத் துறையின் சுருக்கங்களை மூன்று விதமாகச் சொல்கிறார்கள். சிலவற்றை எழுத்தெழுத்தாக: எக்ஸ்.எல்.ஆர். (மைக் கேபிளின் முனை), ஈ.க்யூ. (ஒலியின் தாழ்ந்த, உயர்ந்த பகுதிகளைக் கூட்டிக் குறைப்பது), எல்.எஃப்.ஓ. (சிந்தசைசரில் ஒலியை மெல்ல அசைக்கும் பகுதி). சிலவற்றை ஒரே சொல்லாக: மிடி, ஃப்ளாக், சிம்ப்டி. புதிதாக வருபவர்கள் கோட்டைவிடுவது மூன்றாவது வகையில்தான். அவை தாளில் மட்டுமே சுருக்கம். வாய்க்கு வந்தால் முழுச்சொல். கே.ஹெச்.இசட். என்று யாரும் சொல்வதில்லை, கிலோ ஹெர்ட்ஸ்தான்.

நடுவில் உயிரெழுத்து இருந்து நாக்கு தடுக்காமல் உருண்டால் அது பெரும்பாலும் சொல்லாகிவிடும். மெய்யெழுத்துகள் மட்டும் நெருக்கியடித்து நின்றால் எழுத்தெழுத்தாகவே நிற்கும். இதற்கு விலக்குகள் ஏராளம். ஏ, யூ என்ற இரண்டு எழுத்தில் முடியும் 'ஆடியோ யூனிட்ஸ்' ப்ளக்-இன் (பதிவு மென்பொருளோடு சேரும் துணை நிரல்) வகையை ஏ.யூ. என்றுதான் சொல்கிறார்கள், இரண்டுமே உயிரெழுத்தாக இருந்தும். உயிரெழுத்தே சரியாக அமையாத சிம்ப்டியோ சொல்லாகிவிட்டது. எனவே பொதுவிதியை நம்பி ஊகிப்பதைவிட, அந்தப் பொருளோடு புழங்குகிறவர்கள் எப்படிச் சொல்கிறார்கள் என்று காதுகொடுத்துக் கேட்பதே உத்தமம். கீழே உள்ளவை அப்படிக் கேட்டுக்கேட்டுப் பழகியவைதாம்.

மிடியா, மைடியா?

மிடி. 'மி' குறில். இதில் இரண்டாவது கருத்துக்கு இடமே இல்லை.

எம், ஐ, டி, ஐ என்ற நான்கு எழுத்துகளின் விரிவு மியூசிக்கல் இன்ஸ்ட்ருமென்ட் டிஜிட்டல் இன்டர்ஃபேஸ். 'ஐ' என்ற எழுத்தைப் பார்த்ததும் 'மை' என்று தொடங்கிவிடுவது வழக்கம். 'இன்ஸ்ட்ருமென்ட்' என்பதன் முதல் ஒலியை நினைத்துக்கொண்டால் 'மி' தானாக வந்துவிடும்.

இந்தப் பெயருக்குப் பின்னால் உச்சரிப்பு சம்பந்தப்பட்ட ஒரு சுவையான கதை இருக்கிறது. வெவ்வேறு நிறுவனங்களின் சிந்தசைசர்கள் ஒன்றோடொன்று பேச ஒரு பொது வழி வேண்டும் என்று 1980களின் தொடக்கத்தில் முனைந்தவர்களில் முக்கியமானவர்கள் இருவர்: சீக்வென்ஷியல் சர்க்கிட்ஸ் நிறுவனத்தின் டேவ் ஸ்மித், ரோலண்டு நிறுவனத்தின் இக்குத்தாரோ காக்கெஹாஷி. யுனிவர்சல் மியூசிக்கல் இன்டர்ஃபேஸ் என்று பெயர் வைத்து, அதன் முதலெழுத்துகளை 'யூ-மீ' என்று சொல்லலாம் என்பது காக்கெஹாஷியின் விருப்பம். நீயும் நானும் என்று பொருள் வரும். ஸ்மித்துக்கு அது கொஞ்சம் அசட்டுத்தனமாகப் பட்டது. பிறகு வந்ததுதான் மிடி. 1983இல் வெளியான இந்த ஏற்பாட்டுக்காக 2013இல் இருவருக்கும் தொழில்நுட்ப கிராமி விருது கிடைத்தது. பெயர் தேடும்போதே அதை வாயால் சொல்லிப் பார்த்திருக்கிறார்கள் என்பதுதான் எனக்குப் பிடித்த விஷயம். எல்லாரும் அப்படிச் செய்திருந்தால் இந்தப் பக்கத்துக்கே வேலை இருந்திருக்காது.

மிடியோடு ஒட்டி வருபவை: பழைய மிடி கேபிளின் ஐந்து முள் முனைக்கு 'டின்' என்று பெயர், ஜெர்மனியின் தரநிர்ணய நிறுவனத்தின் முதலெழுத்துகள் அவை. ஒலியளவு போன்றவற்றை மாற்றும் கன்ட்ரோல் எண்களை 'சி.சி. செவன்', 'சி.சி. சிக்ஸ்டி ஃபோர்' என்று எழுத்தாகச் சொல்ல வேண்டும். சிஸ்டம் எக்ஸ்க்ளூசிவ் செய்தியோ 'சிஸ்-எக்ஸ்'.

பாட்டைப் பதிவுசெய்து தொகுக்கும் மென்பொருளை 'டா' என்பதா, 'டி.ஏ.டபிள்யூ.' என்பதா?

இரண்டும் சரி. டிஜிட்டல் ஆடியோ ஒர்க்ஸ்டேஷன் என்பதன் சுருக்கம் இது. ஆங்கிலம் பேசுகிறவர்களில் பெரும்பாலோர் 'லா' என்பதோடு எதுகை சேரும்படி 'டா' என்கிறார்கள். எழுத்தெழுத்தாகச் சொல்பவர்களும் உண்டு.

தமிழ்ப் பேச்சின் நடுவில் நான் எழுத்தெழுத்தாகவே சொல்வேன். "உன் டா எது?" என்று மூத்தவரிடம் கேட்டுப் பாருங்கள், தெரியும். "ஓப்பன் பண்ணு டா" என்றால் மென்பொருளைத் திறக்கச் சொல்கிறீர்களா, உரிமையோடு அதட்டுகிறீர்களா? டபிள்யூ வாய் நிறைய வந்தாலும் பரவாயில்லை. அல்லது மென்பொருளின் பெயரையே சொல்லிவிடலாம், பலரும் அப்படித்தான் செய்கிறார்கள்.

கோப்பு வகைகளின் பெயர்கள்? வாவ், வேவ், ஃப்ளேக், ஃப்ளாக் எல்லாமே கேட்கிறேனே.

மைக்ரோசாஃப்ட்டும் ஐ.பி.எம்.மும் 1991இல் கொண்டுவந்த டபிள்யூ, ஏ, வி கோப்பு 'வேவ்'. கடைசி 'இ' எழுத்தில் இல்லாவிட்டாலும் அலை என்ற பொருளில் வரும் அதே சொல்தான். கோப்புப் பெயரின் வால் மூன்றெழுத்துக்கு மேல் போகக்கூடாது என்ற அந்தக் காலக் கட்டுப்பாட்டில் 'இ' உதிர்ந்துவிட்டது. 'வாவ் ஃபைல்' என்றாலும் புரியும்; வியந்தது போல இருக்கும், அவ்வளவுதான்.

'ஃப்ளாக்' விஷயம் சற்றுச் சிக்கல். ஃப்ரீ லாஸ்லெஸ் ஆடியோ கோடெக் என்பது விரிவு; தரம் குறையாமல் கோப்பைச் சுருக்கும் வகை, 2001இல் வந்தது. இதில் வரும் ஆங்கில 'ஏ' எழுத்தின் ஒலிக்குத் தமிழில் எழுத்து கிடையாது. பாங்க் என்றும் பேங்க் என்றும் நாம் மாற்றி மாற்றி எழுதுகிறோமே, அதே தலைவலி. வாயை அகலத் திறந்து, 'ஆ'வுக்கும் 'ஏ'வுக்கும் நடுவில் குறுக்கிச் சொல்ல வேண்டும். 'ஏ'யை நீட்டினால் கார்ன்ஃப்ளேக்ஸில் வரும் வேறு சொல் வந்துவிடும். எனவே எழுதும்போது 'ஃப்ளாக்' என்பதே பாதுகாப்பு.

ஆப்பிள் நிறுவனம் 1988இல் வெளியிட்ட ஏ.ஐ.எஃப்.எஃப். வகையை எழுத்தெழுத்தாகச் சொன்னால் தகராறே இல்லை. 'ஐஃப்', 'ஏ-இஃப்' என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். அதே நிறுவனத்தின் தரம் குறையாத வகை 'அலாக்' அல்லது 'ஏ-லாக்'. ஏ.ஏ.சி. எப்போதும் எழுத்தாகவே. எம்.பி.3 உலகத்துக்கே தெரியும். அதற்குத் தாய்வீடான குழுவின் பெயர் மட்டும் 'எம்-பெக்', அதாவது முதலெழுத்தைத் தனியாகவும் மீதியைச் சொல்லாகவும் சொல்கிற கலப்பு இனம். 'ஆக்' சுருக்கமே அல்ல, மூன்றெழுத்துப் பெயர். அதைப் பிரித்து ஓ.ஜி.ஜி. என்று சொல்ல வேண்டாம்.

கேபிளும் இணைப்பும் பற்றிப் பேசும்போது வரும் ஸ்பிடிஃப், ஏடாட், மாடி என்பவை என்ன?

சோனியும் பிலிப்ஸும் சேர்ந்து உருவாக்கிய டிஜிட்டல் இணைப்பு 'ஸ்பிடிஃப்'. எழுதும்போது எஸ்ஸுக்கும் பி-க்கும் நடுவே ஒரு சாய்கோடு இருக்கும். சொல்லும்போது அதைக் கண்டுகொள்ளக் கூடாது. பி-க்குப் பின்னால் இல்லாத ஓர் 'இ'யையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். 'எஸ் ஸ்லாஷ் பி.டி.ஐ.எஃப்.' என்று சொன்னால் கையேட்டைப் பார்த்துப் படிக்கிறீர்கள் என்று தெரிந்துவிடும்.

'ஏ-டாட்' என்பதில் முதல் எழுத்து தனி, மீதி சொல். அலிசிஸ் நிறுவனம் 1990களின் தொடக்கத்தில் கொண்டுவந்த, எட்டு ட்ராக் பதிவாகும் டேப் கருவியின் பெயர் அது. டேப் வழக்கொழிந்துவிட்டது. ஒரே ஒளியிழைக் கேபிளில் எட்டு சேனல் அனுப்பும் அதன் முறை மட்டும் இன்னும் ஆடியோ இன்டர்ஃபேஸ்களின் பின்புறத்தில் வாழ்கிறது. அந்தக் கேபிளின் முனை 'டாஸ்லிங்க்'; அதில் டாஸ் என்பது தோஷிபாவின் முன்பாதி.

அறுபத்து நான்கு சேனல் வரை சுமக்கும் 'மாடி'யும் ஃப்ளாக் போலத்தான், அகன்ற குறில். தமிழில் எழுதினால் மாடிப்படி நினைவுக்கு வரும். "மாடியில் போகிற சிக்னல்" என்று எழுதாமல் "மாடி கேபிளில்" என்று எழுதுங்கள். ஏ.இ.எஸ்., எக்ஸ்.எல்.ஆர்., டி.ஆர்.எஸ்., ஆர்.சி.ஏ. எல்லாம் எழுத்தெழுத்தாக. கிட்டார் போன்றவற்றை மிக்ஸரோடு இணைக்கும் டி.ஐ. பாக்ஸும் அப்படியே. அதை 'டை பாக்ஸ்' என்று சொல்லிக் கேட்டதே இல்லை.

சிம்ப்டி என்கிறார்களே, அந்த எழுத்துகளின் நடுவில் 'இ' எங்கே இருக்கிறது?

இல்லைதான். எஸ், எம், பி, டி, இ: திரைப்படம், தொலைக்காட்சிப் பொறியாளர்களின் அமெரிக்கச் சங்கம். 1916இல் தொடங்கியபோது தொலைக்காட்சிக்குரிய 'டி' அதில் இல்லை, பின்னால்தான் சேர்ந்தது. படத்தையும் ஒலியையும் பிசகாமல் சேர்த்து ஓட்ட மணி, நிமிடம், விநாடி, ஃப்ரேம் என்று நான்கு இலக்கத் தொகுதிகளாக ஓடும் டைம்கோடு இந்தச் சங்கத்தின் பெயராலேயே அழைக்கப்படுகிறது. நாளுக்கு நூறு தடவை சொல்ல வேண்டிய பெயர் என்றால் ஐந்து எழுத்தையும் யார் பிரித்துச் சொல்வார்கள்? நடுவில் ஓர் 'இ'யைச் செருகிவிட்டார்கள். மெய்யோடு மெய் மோதும் இடத்தில் உயிரைச் செருகுவது நமக்கொன்றும் புதிதல்ல, ஸ்கூலை இஸ்கூல் ஆக்கியவர்கள் நாம்.

லஃப்ஸா, லூஃப்ஸா, எல்.யூ.எஃப்.எஸ்.ஸா?

லஃப்ஸ் என்பதே பெருவழக்கு. லூஃப்ஸ் என்பாரும் உண்டு. ஒலி காதுக்கு எவ்வளவு உரக்கக் கேட்கிறது என்பதை அளக்கும் அலகு இது. லவுட்னஸ் யூனிட்ஸ், ஃபுல் ஸ்கேல் என்பது விரிவு. ஐரோப்பிய ஒலிபரப்பாளர் ஒன்றியம் 2010இல் ஆர் 128 என்ற பரிந்துரையை வெளியிட்டு, ஒலிபரப்புக்கு மைனஸ் 23 லஃப்ஸ் என்று வரையறுத்த பிறகு எல்லாருடைய வாயிலும் புகுந்தது. எல்.கே.எஃப்.எஸ். என்று இன்னொரு பெயர் கண்ணில் பட்டால் மிரள வேண்டாம். அளவு ஒன்றே, பெயர்தான் வேறு. அதில் உயிரெழுத்து இல்லாததால் எழுத்தெழுத்தாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. லஃப்ஸ் அதிகம் புழங்குவதற்கு அந்த வசதியும் ஒரு காரணம் என்பது என் ஊகம்.

டெசிபலுக்குப் பின்னால் வரும் யூ, வி, எஃப்.எஸ். எல்லாவற்றையும் எப்படிச் சொல்வது?

தனியாக வந்தால் 'டெசிபல்' என்று முழுதாகவோ 'டி.பி.' என்றோ சொல்லலாம். "மூணு டி.பி. குறைங்க" என்பதுதான் மிக்ஸிங் நேரத்தில் காதில் விழுவது. வால் சேர்ந்தால் எழுத்தாகச் சொல்வதே வழக்கம்: டி.பி.யூ., டி.பி.வி., டி.பி.எஃப்.எஸ்.

இங்கே கவனம் தேவை. டி.பி.யூ. என்பதில் பூஜ்யம் 0.775 வோல்ட்டைக் குறிக்கும், டி.பி.வி.யில் பூஜ்யம் 1 வோல்ட். தொழில்முறைக் கருவிகள் ப்ளஸ் 4 டி.பி.யூ., வீட்டுக் கருவிகள் மைனஸ் 10 டி.பி.வி. என்பது நெடுநாள் வழக்கம். வெறும் எண்களைக் கழித்து 14 டெசிபல் வித்தியாசம் என்று நினைத்தால் தவறு, ஏறக்குறைய 12தான். ஒரு காலத்தில் டி.பி.யூ.வையும் சின்ன 'வி' போட்டு எழுதிவந்தார்கள். பெரிய 'வி'யோடு குழம்பியதால் சின்னதை 'யூ' ஆக்கினார்கள். பேச்சில் எழுத்து சின்னதா பெரியதா என்று எப்படித் தெரியும்? அதனால் அந்த மாற்றம் எழுதுகிறவர்களைவிடப் பேசுகிறவர்களுக்குத்தான் அதிகம் உதவியது.

ட்ரூ பீக், அதாவது ஒலி அலை உண்மையில் தொடும் உச்சத்தின் அளவுக்கு வந்தால் தமிழுக்கென்றே ஒரு வேடிக்கை காத்திருக்கிறது. அடுத்த கேள்வியைப் பாருங்கள்.

தமிழில் எழுதும்போது டி-யும் பி-யும் குழம்பாதா?

குழம்பும், நன்றாகவே குழம்பும். ஆங்கிலத்தின் நான்காம் எழுத்துக்கும் இருபதாம் எழுத்துக்கும் நம்மிடம் ஒரே 'டி'. இரண்டாம் எழுத்துக்கும் பதினாறாம் எழுத்துக்கும் ஒரே 'பி'. டெசிபல் ட்ரூ பீக் என்பதன் நான்கு எழுத்துகளையும் அப்படியே தமிழில் எழுதினால் என்ன வரும்? டி.பி.டி.பி. படிப்பவர் அச்சுப்பிழை என்று நினைத்துப் பாதியை அடித்துவிடுவார். "மைனஸ் 1 டி.பி. ட்ரூ பீக்" என்று பாதியை விரித்து எழுதினால் தீர்ந்தது. சொல்லும்போதும் பெரும்பாலோர் அப்படித்தான் சொல்கிறார்கள்.

பேச்சில் இதே குழப்பம் வேறு வடிவில் வரும். ஆங்கில எழுத்துகளில் பி, சி, டி, ஜி, வி என்று பல 'ஈ' ஒலியில்தான் முடிகின்றன. ஹெட்ஃபோனில் டாக்பேக் (பதிவறைக்குள் இருப்பவரோடு வெளியிலிருந்து பேசும் வசதி) வழியாக "பி-யிலிருந்து எடுங்க" என்று சொன்னால், உள்ளே நிற்பவருக்கு 'டி' என்று கேட்கும். பாட்டின் வேறு பகுதியில் தொடங்குவார். "ரெண்டாவது சரணம்", "பி ஃபார் பாம்பே" என்று ஏதாவது ஒட்டுச்சொல் போட்டுச் சொல்வது நேரத்தை மிச்சப்படுத்தும்.

எண்களை எப்படிப் படிப்பது? 44.1, 808, 1176?

கருவிகளின் எண்களை எண்ணாகப் படிப்பதில்லை, பெயராகப் படிக்கிறார்கள். ரோலண்டு 1980இல் வெளியிட்ட தாள இயந்திரம் 'எயிட்-ஓ-எயிட்'. நடுவிலுள்ளது ஜீரோ அல்ல, 'ஓ'. எண்ணூற்று எட்டு என்று சொன்னால் பேருந்து எண் போலிருக்கும். 1176 கம்ப்ரஸர் (ஒலியின் ஏற்ற இறக்கத்தை மட்டுப்படுத்தும் கருவி) 'லெவன் செவன்டி சிக்ஸ்', ஆண்டைப் படிப்பது போல இரண்டிரண்டாக. அதே வகைக் கருவியான எல்.ஏ. 2 ஏ என்பது 'எல்.ஏ. டூ ஏ'. மேடை மைக்குகளில் பிரபலமான ஷூர் எஸ்.எம். 58 'ஃபிஃப்டி எயிட்' என்றாலே போதும், எஸ்.எம். என்பது ஸ்டூடியோ மைக்ரோஃபோன், பெரும் புகழ் பெற்றதோ மேடையில்.

சாம்பிள் ரேட்டில், அதாவது ஒலியை விநாடிக்கு எத்தனை முறை அளக்கிறது என்ற கணக்கில், 44.1 என்பதை 'ஃபார்ட்டி ஃபோர் ஒன்' என்று புள்ளியை விழுங்கியும் சொல்கிறார்கள், 'பாயின்ட்' சேர்த்தும் சொல்கிறார்கள். 'கே' என்று முடிப்பதில் மட்டும் எச்சரிக்கை. 'நாற்பத்தெட்டு கே' என்றால் கிலோ ஹெர்ட்ஸ். 'முந்நூற்று இருபது கே' என்றால் எம்.பி.3 கோப்பின் கிலோபிட். ஒரே 'கே', அளப்பது வேறு.

ப்ளக்-இன், டிரைவர் பெயர்கள்?

ஸ்டைன்பெர்க் நிறுவனம் 1996இல் தொடங்கிய வி.எஸ்.டி. எழுத்தாகவே. ஏ.ஏ.எக்ஸ். அப்படியே. அதற்கு முந்தைய வகை மட்டும் 'ஆர்-டாஸ்'. அதே ஸ்டைன்பெர்க்கின் ஒலி டிரைவர் (கணினியையும் ஒலிக்கருவியையும் இணைக்கும் நிரல்) முறையை 'ஏசியோ' என்றும் 'அசியோ' என்றும் சொல்கிறார்கள். எதைச் சொன்னாலும் யாரும் புருவம் உயர்த்த மாட்டார்கள். லினக்ஸில் 'ஆல்சா'.

ஈ.க்யூ.வை 'எக்' என்று சொல்லலாமா?

கூடாது. முட்டை பற்றிப் பேசுவதாக நினைப்பார்கள்.

இசைத்தாளில் இருக்கும் சுருக்கங்களையும் எழுத்தாகச் சொல்லலாமா?

மேற்கத்திய இசைக்குறிப்பில் இத்தாலியச் சொற்களே ஆட்சி செய்கின்றன. அவற்றை விரித்துச் சொல்வதே முறை. இரண்டு 'பி' சேர்ந்து நின்றால் பியானிசிமோ, மிக மென்மையாக. எம்.எஃப். என்றால் மெட்சோ ஃபோர்டே, ஓரளவு பலமாக. 'மெஸோ' என்று ஸ் போட்டுச் சொல்வதைவிட இத்தாலிய முறைப்படி 'ட்ஸ்' ஒலிப்பது நல்லது. எஸ்.எஃப்.இசட். என்பது ஸ்ஃபோர்ட்சாண்டோ, திடீரென்று ஓர் அழுத்தம்.

டி.சி. என்றால் டா காப்போ: தலையிலிருந்து மறுபடி வாசி. டி.எஸ். என்றால் டால் சென்யோ: அடையாளமிட்ட இடத்திலிருந்து வாசி. இதை 'டால் செக்னோ' என்று படிப்பவர்கள் அதிகம். இத்தாலியில் ஜி-யும் என்-னும் சேர்ந்தால் 'ன்ய' என்று மெலிந்துவிடும். எட்டு என்ற எண்ணுக்குப் பக்கத்தில் வி, ஏ என்று இருந்தால் ஒட்டாவா, ஒரு ஸ்தாயி மேலே. 'எயிட் வி.ஏ.' அல்ல.

ஒத்திகையில் வாத்தியக்காரர்கள் இவற்றையும் நறுக்கிவிடுகிறார்கள். பிட்சிகாட்டோ (நரம்பை விரலால் மீட்டுவது) 'பிட்ஸ்' ஆகிறது, க்ரெஷெண்டோ (ஒலி படிப்படியாகப் பெருகுவது) 'க்ரெஷ்' ஆகிறது. 'ரிட்' மட்டும் உஷார்: படிப்படியாகத் தாமதப்படுத்தும் ரிட்டார்டாண்டோவா, சட்டென்று வேகத்தைக் குறைக்கும் ரிட்டெனுட்டோவா என்று நடத்துபவரிடம் கேட்டுவிடுவது நல்லது.

கார்டு பெயர்கள்?

கார்டு என்பது ஒருசேர ஒலிக்கும் ஸ்வரக் கூட்டு. அதன் சுருக்கங்களில் பெரிய 'எம்' மேஜர், சின்ன 'எம்' மைனர். தமிழ் எழுத்தில் பெரியது சின்னது கிடையாது. 'சி எம் செவன்' என்று குறுஞ்செய்தி அனுப்பினால் கீபோர்டுக்காரர் எதை வாசிப்பார்? ஒன்று ஏங்க வைக்கும், மற்றது கனவில் மிதக்க வைக்கும். 'சி மேஜர் செவன்', 'சி மைனர் செவன்' என்று விரித்தே எழுதுங்கள், சொல்லுங்கள். வெறும் 'சி செவன்' இரண்டும் அல்லாத மூன்றாவது.

சஸ்பெண்டட் எப்போதும் 'சஸ்': 'டி சஸ் ஃபோர்'. டிமினிஷ்டை 'டிம்' என்றும் ஆக்மென்டடை 'ஆக்' என்றும் சொல்லலாம். நடுவில் சாய்கோடு வந்தால் 'சி ஓவர் ஈ' அல்லது 'சி ஸ்லாஷ் ஈ', அதாவது அடியில் ஈ ஸ்வரம். ஸ்பிடிஃபில் விழுங்கச் சொன்ன சாய்கோட்டை இங்கே விழுங்கக் கூடாது.

மோக் என்பதா, மூக் என்பதா?

இது சுருக்கம் அல்ல, ராபர்ட் மோக் என்பவரின் பெயர். ஆனாலும் இந்தக் கேள்வி ஓய்வதில்லை. இரண்டு 'ஓ' இருப்பதால் 'மூக்' என்று படிக்கத் தோன்றும்; அவர் தம் பெயரைச் சொன்னது 'வோக்' என்பதோடு எதுகையாக, 'மோக்' என்று. மைக் தயாரிக்கும் ஜெர்மன் நிறுவனம் 'நொய்மன்', நியூமேன் அல்ல. வியன்னாவில் பிறந்த ஏ.கே.ஜி. எழுத்தெழுத்தாக.

மிச்சமிருப்பவற்றை ஒரே மூச்சில் சொல்ல முடியுமா?

சரி. வி.யூ. மீட்டர், ஆர்.எம்.எஸ்., பி.பி.எம்., எஃப்.எஃப்.டி., வி.சி.ஏ. எல்லாம் எழுத்தாக. கம்ப்ரஸர்களில் வரும் 'ஃபெட்' ஒரே சொல்லாக. ஸ்டீரியோ மைக் வைக்கும் முறைகளில் ஓ.ஆர்.டி.எஃப். எழுத்தாக, அதன் நெதர்லாந்துச் சகோதரனை 'நாஸ்' என்று சொல்வது வசதி. எம்.எஸ். முறையை 'மிட் சைடு' என்று விரிப்பதே மேல். இசைத்தட்டுக்கான ஆர்.ஐ.ஏ.ஏ. வளைவில் கடைசி இரண்டையும் சேர்த்து 'டபிள் ஏ' என்பார்கள். மேடை ஒலியில் எஃப்.ஓ.ஹெச். என்றும் சொல்லலாம், 'ஃப்ரண்ட் ஆஃப் ஹவுஸ்' என்றும் சொல்லலாம். இரண்டாவது நீளமானாலும் இரைச்சலில் தெளிவாகக் கேட்கும். இசைக்கருவி வணிகர்களின் அமெரிக்கச் சங்கம் 'நாம்', ஃப்ளாக்கில் சொன்ன அதே அகன்ற குறில். எழுதும்போது "நாம் கண்காட்சி" என்று மேற்கோள் குறிக்குள் போட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் நம்முடைய கண்காட்சி என்று படித்துவிடுவார்கள்.